தங்கச்சி நன்றாக நடக்கிறாள்

குருநகர்
04.08.2024

அன்புத் தங்கச்சி றெஜினாவுக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் சூட்டி எத்தனையோ வருடமாகிவிட்டாலும் எனக்கு நீ றெஜினாதான். உங்கள் கடிதங்களைப் பிரித்து வாசிக்கும் மடத்துத் தலைவி மதர் இதற்கு என்னை மன்னிக்கட்டும். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். இரத்தக்குழாய் அடைப்புக்கு என் நெஞ்சுக்குள் வைத்த ஸ்ரென்ற் தன்பாட்டில் கிடக்கிறது. உன் சுகத்தை எழுது.

இந்த முறை பெரிய சங்கதி. வீட்டுக் கேபிளை வெட்டிவிட்டேன்!

நீ ரீவியே இல்லாத இடத்துக்கு ஓடியவள், உனக்கு இது விளங்காது. ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கேபிளில் என்னதான் வந்தது? பின்னேரம் தொடங்கினால் படுக்கும்வரை மாமியாரும் மருமகளும் மாறி மாறி அழுகை, இடையிடையே புடவைக்கடை விளம்பரம். மழை தூறினால் படம் போய்விடும். போன மாதம் மகள் லவீனா அரியாலையிலிருந்து வந்தாள். சவர்க்காரக் கட்டியளவில் ஒரு இன்ரநெற் பெட்டி, அதை ரீவிக்குப் பின்னால் கொளுவினாள். "அப்பா, இனி உலகம் முழுக்கச் சும்மா பாக்கலாம்" என்றாள். சும்மா தருகிறவன் இந்த உலகத்தில் எவன் என்று நான் சிரித்தேன்.

உண்மையாகவே தருகிறார்கள், றெஜினா! நோர்வேயில் ஒருவன் பனிக்குள் நின்று மீன் பிடிக்கிறான். அவன் இழுத்த மீனைக் கண்டு நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். பழைய படங்கள் முழுசாகக் கிடக்கின்றன. ரோமாபுரிப் பூசை நடக்கும்போதே இங்கே விறாந்தையில் தெரிகிறது. எனக்கு வாய் மூட நேரமெடுத்தது. உடனே கேபிள்காரர் மார்க்கண்டுவைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அவர் ஏணியில் நின்றபடி, "சிமியோன் அண்ணை, செத்தவீட்டு அறிவித்தல் எங்கடை சனலிலைதானே போகுது. இனி எதிலை பாப்பியள்?" என்று கேட்டார். "குருநகரிலை ஆள் செத்தால் கோயில் மணி சொல்லும். நீர் வயரைக் கழட்டும்" என்றேன்.

உன் மச்சாள் அருமைநாயகிக்குத்தான் என்னோடு கோபம். அவவுடைய நாடகத்தில் கதாநாயகி ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரம் பார்த்து வெட்டிவிட்டேனாம்.

உங்கள் அடைப்பு மடத்தின் கதவு சொந்தக்காரருக்கு வருடத்தில் இரண்டு தரம்தான் திறக்கிறது. பாஸ்காவுக்கு ஸ்ரென்ற் வைத்த கையோடு என்னால் வர முடியவில்லை. அடுத்த திறப்புக்கு, ஒக்டோபர் ஐப்பசியில், கட்டாயம் வருவேன்.

உன் செபத்தில் என்னை மறவாதே.
அன்பு அண்ணன்
சிமியோன்


மடத்திலிருந்து
19.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் லவீனாவும் சுகம் என்று வாசித்து நன்றி சொன்னேன். நானும் இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மேசையில்லாமல் எழுதுகிறேன்.

கடலில் பிடித்தது போதாதென்று ரீவியிலும் மீன் பிடிக்கத் தொடங்கிவிட்டீர்களா? மச்சாளின் கதாநாயகியை எப்படியாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். பாவம், அவ எத்தனை நாள் அந்தக் கவலையோடு சமைப்பா.

உங்கள் பெட்டியின் ஆட்கள் எங்களிடமும் வந்துவிட்டார்கள். வெளிநாட்டு உபகாரிகள் பார்க்கட்டும் என்று புதிதாக வந்த சுவாமி எங்கள் சிற்றாலயத்தின் பின்சுவரில் ஒரு கமரா பூட்டியிருக்கிறார். காலைப் பூசை யூடியூப்பில் போகிறதாம். சத்தம் எடுக்கும் கருவிக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, ஊமைப்படம்தான் போகிறது என்று மதர் சொன்னார். நாங்கள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் வருவீர்கள்தானே? இந்த முறை மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேறு ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் நெஞ்சுக்காகத் தினமும் செபிக்கிறேன்.
அன்புத் தங்கை
றெஜினா


குருநகர்
08.09.2024

அடி றெஜினா, உன்னைக் கண்டேன்!

சுகம் கேட்டு எழுதத் தொடங்கினால் கை நிற்குதில்லை. உன் கடிதம் வந்த அன்றே லவீனாவைப் போனில் பிடித்து, அந்தப் பூசையைத் தேடித் தரச் சொன்னேன். மறுநாள் காலை பெட்டியைப் போட்டால், பீடம், சுவாமி, பக்கத்தில் கம்பிக் கிராதி. நற்கருணை நேரம் கிராதியின் சின்னக் கதவைத் திறந்தார்கள். நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். எல்லோரும் ஒரே உடுப்பு, ஒரே முக்காடு, முகம் தெரியாது. என் தங்கச்சியை எதில் அடையாளம் பிடிப்பது என்று நான் திகைத்துப்போய் இருந்தேன்.

அப்போது கட்டையாக ஒரு ஆள் வந்தா. நற்கருணை வாங்கி, சிலுவை போட்டு, கட்டைவிரலை உதட்டில் வைத்து முத்தி செய்தா.  சிலுவை போட்டுக் கட்டைவிரலை முத்தி செய்வது நாங்கள் அம்மாவின் மடியிலிருந்து பழகியது. அந்த மடத்தில் வேறு யார் அதைச் செய்யப் போகிறார்கள்? "றெஜினா!" என்று நான் கத்திய கத்தலில் அருமை கோப்பியைக் கொட்டிவிட்டா.

உன்னைக் கிராதிக்கு அப்பால், அதுவும் நீ கதிரையில் இருந்தபடிதான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறேன். நீ நடப்பதைப் பார்த்துப் பல வருடம். எவ்வளவு நன்றாக நடக்கிறாய்! முழங்காலில் இருந்து பிடியில்லாமல் எழும்புகிறாய், என்னால் அது முடியாது. இப்போது தினமும் காலையில் எங்கள் விறாந்தையில் இந்தச் சின்னத் தெருவின் ஒழுங்கைச் சனம் நிறைந்துவிடும். படத்தில் சத்தமில்லாதபடியால் நாங்களே செபமாலை சொல்கிறோம். நீ வரும் நேரம் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள்.

இன்னொன்று, ஐப்பசியில் நான் வரத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நீண்ட பஸ் பயணம் வேண்டாம் என்று டொக்டரும் சொல்கிறார். வருடத்தில் இரண்டு தரம் கம்பிக்குள்ளால் பார்ப்பதைவிடத் தினமும் பார்ப்பது மேல்தானே? இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோடி புண்ணியம்.

சுகம் கேட்க மறந்துவிட்டேன். இனிக் கேட்கவும் தேவையில்லை, கண்ணாலேயே பார்க்கிறேன்.

சந்தோசத்தோடு
சிமியோன்


மடத்திலிருந்து
25.09.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இதை ஏன் லவீனாவின் முகவரிக்கு அனுப்பினேன் என்பது வாசித்ததும் விளங்கும். அண்ணை பக்கத்தில் இல்லாத நேரம் வாசியுங்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று வழமையைவிட அதிகமாகக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் தலையில் ஒரு பாரத்தை ஏற்றப் போகிறேன்.

அண்ணையின் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் எப்படியும் ஓடாது. மச்சாள், அவர் பார்ப்பது என்னையில்லை.

மாசி மாதம் தொடக்கம் நான் படுக்கையில் இருக்கிறேன். வயிற்றில் கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வெட்டியும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிற்றாலயத்துக்கு நான் இறங்கி மாதக்கணக்காகிறது, சுவாமி மேலே வந்துதான் நற்கருணை தருகிறார். அண்ணை கண்ட ஆள் சகோதரி ஜெயனி. அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, என்னைப் பராமரிப்பவள். பல வருடம் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்ததில் கட்டைவிரலை முத்தி செய்யும் பழக்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் என்று பகிடியாகச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயனிக்கு வாசித்துக் காட்டி இருவரும் சிரித்தோம். பிறகு, வரத் தேவையில்லை என்று அவர் எழுதியிருந்த இடம் வந்தது. அதற்குமேல் வாசிக்காமல் கடிதத்தை மடித்துவிட்டேன். இந்தக் கதவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எங்கோ ஒளித்திருந்து இப்போது வெளியே வந்து நிற்கிறது. அதை அடக்க என்னால் முடியவில்லை.

நோயைப் பற்றி அவருக்குச் சொல்லாதீர்கள். ஸ்ரென்ற் வைத்த நெஞ்சு, திடீரென்று கேட்டால் தாங்காது. வாருங்கள் என்று மட்டும் அவருக்குத் தனியே எழுதியிருக்கிறேன். எப்படியாவது ஐப்பசியில் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவர் என்னைக் கண்டபின் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் அன்புக்குக் கடன்பட்ட
றெஜினா


குருநகர்
06.10.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமா என்று எப்படி நான் கேட்பேன்? லவீனா வீட்டுக் குசினியில் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். லவீனாதான் தண்ணீர் தந்தாள். வரும்போது பஸ்ஸில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வந்தால் இவர் விறாந்தையில் இருந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் நடையைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

பக்குவமாகத்தான் தொடங்கினேன். "இஞ்சேருங்கோ, ஐப்பசிக்கு றெஜினாவைப் பாத்திட்டு வருவம்" என்றேன்.

"என்னத்துக்கு? காலமை பாத்தனிதானே. எவ்வளவு நல்லா நடக்கிறாள்!"

"ரீவியிலை பாக்கிறதும் நேரிலை பாக்கிறதும் ஒண்டே?"

"நேரிலை போனாலும் கம்பிக்குள்ளாலைதான் பாக்கிறது. இதுவும் கம்பிதான். உனக்குக் கேபிளை வெட்டினது இன்னும் மறக்கேல்லை, அதுதான் இந்தப் பெட்டியிலை உனக்கு எரிச்சல்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. "விசர்க் கதை கதையாதையுங்கோ! உங்கடை தங்கச்சி தன்ரை கையாலை வாங்கோ எண்டு எழுதியிருக்கிறாள்" என்று சத்தம் போட்டேன். அவள் எப்போதும் மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவாள் என்கிறார். மச்சாள், உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் சொல்ல வேண்டாம் என்றபடியால் விழுங்கிவிட்டேன். நான் தனியே வருவதென்றால் இவரை விட்டுவிட்டு வரவும் பயம்.

இத்தோடு என் கைபோன் இலக்கத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மதரிடம் கொடுத்து வையுங்கள். ஏதும் என்றால் எனக்கே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுப் போனையும் கழற்றப்போகிறேன், வயரே இல்லாத வீடாக்கப்போகிறேன் என்று இவர் துள்ளிக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் நோவு குறைய வேண்டுமென்று அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன்.
அருமைநாயகி


குருநகர்
27.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் வழமை போலச் சுகம். உனக்கும் ஒரு குறையும் இல்லை என்பது தெரிகிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய், நல்லது. வெள்ளிக்கிழமை பூசையில் கொட்டாவி விட்டாய், அதையும் பார்த்தேன்.

அருமை சில நாளாக ஒரு மாதிரி. போன கிழமை, "அது றெஜினாதான் எண்டு என்ன நிச்சயம்?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா? நீ தவழ்ந்ததைப் பார்த்தவன் நான், உன் நடை எனக்குத் தெரியாதா? என்றாலும் ஒழுங்கைக்குள் இரண்டொருவர் அவவோடு சேர்ந்து தலையாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காக ஒரு உதவி கேட்கிறேன். நவம்பர் ஆறாம் திகதி என் பிறந்தநாள். அன்று நற்கருணை வாங்கித் திரும்பும்போது ஒரே ஒரு தரம் கமராவைப் பார். பாவமில்லை, மதரிடம் கேட்டுவிட்டுச் செய். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

ஐப்பசித் திறப்புப் போய்விட்டதே என்று கவலைப்படாதே. நான் தினமும் உன்னிடம்தான் நிற்கிறேன்.

அன்பு அண்ணன்
சிமியோன்


மடத்திலிருந்து
18.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்தையும் அண்ணையின் சுகத்தையும் நாடி எழுதுகிறேன். என்னைப் பற்றி உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. நோவுக்கு ஊசி போடுகிறார்கள்.

ஆறாம் திகதி நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெயனி கமராவைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அண்ணையின் கடிதத்தை இப்போதெல்லாம் அவள்தான் எனக்கு வாசிப்பது. வாசித்து முடித்துவிட்டு, "அவரு பாவங்க சிஸ்டர், ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து மேலே வந்தவள் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் சொல்லிவிட்டேனோ என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டேன்.

மச்சாள், அன்று அண்ணையின் முகம் எப்படி இருந்தது? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். திருவருகைக்காலம் தொடங்கினால் பாலன் பிறக்கும் நத்தார்வரை எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், அதற்கு முதல் கிடைத்தால் நல்லது.

அன்புடன்
றெஜினா


குருநகர்
26.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பாலன் பிறப்பின் சந்தோசம் உன்னோடும் மடத்தில் எல்லோரோடும் இருக்கட்டும். இங்கே அருமைக்குத் தடிமனும் இருமலும், மற்றும்படி சுகம்.

என் பிறந்தநாளைப் பற்றி எழுத இவ்வளவு நாளும் காத்திருந்தேன். நீ திரும்பிப் பார்த்தாய்! படத்தில் முகம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்தாய். விறாந்தையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதேன் றெஜினா. ஆண்பிள்ளை அழுதான் என்று ஒழுங்கையெல்லாம் கதை, எனக்கு வெட்கமில்லை. அருமை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. அந்த மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் உனக்கு ஏதோ கடிதம் எழுதினா. என்ன எழுதினாய் என்றால் சொல்லமாட்டாவாம்.

நீ திரும்பியதைப் பார்த்தபின் ஒழுங்கைக்குள் இன்னும் பல வீடுகள் கேபிளை வெட்டிவிட்டன. மார்க்கண்டு என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புகிறார். வீட்டுப் போனையும் கழற்றியாயிற்று.

உன் கடிதங்கள் வரவர சுருங்கிக்கொண்டு போகின்றன. கடைசிக் கடிதத்தில் எழுத்தும் வேறு யாருடையதோ போல இருந்தது. பரவாயில்லை, ஆளையே பார்க்கிறவனுக்கு எழுத்து எதற்கு? அருமையின் அரியண்டம் தாங்காமல் பாஸ்காவுக்குப் பிறகு ஒரு தரம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவவுக்காகத்தான்.

அன்பு அண்ணன்
சிமியோன்


மடத்திலிருந்து
20.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது ஜெயனி. உங்கள் எல்லோரையும் கடவுள் காக்கட்டும் என்பதை மட்டும் அவளே தன் பக்கத்திலிருந்து சேர்த்திருக்கிறாள்.

அண்ணை கைதட்டலுக்குள் நின்று அழுத கதையை நீங்கள் எழுதியது கிடைத்தது. அதைப் பல தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மச்சாள், அவரின் நெஞ்சுக்குப் பயந்துதான் மறைக்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னேன். அது பாதி. அவர் காலையில் காண்கிற றெஜினா நடக்கிறாள், முழங்காலில் இருக்கிறாள், கொட்டாவி விடுகிறாள். அவளை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கே அவளில் ஆசையாகிவிட்டது.

இனி மறைக்க வேண்டாம். பாஸ்காவரை இருப்பேன் என்று டொக்டர் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குப் பிறகும் எந்த நாள் வந்தாலும் கதவைத் திறப்பதாக மதர் வாக்குத் தந்திருக்கிறார். எனக்கு அண்ணையைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

றெஜினா


குருநகர்
04.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கடவுள் உங்களுக்குக் கொஞ்சம் பலம் தரட்டும். வருகிறோம். இவரின் டொக்டரிடம் லவீனாவும் நானும் போய் எல்லாவற்றையும் சொன்னோம். வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டாம், வான் பிடித்து நிதானமாகப் போங்கள், கூட ஒரு நேர்ஸ் இருக்கட்டும், மடத்துக்குக் கிட்டப் போனபின் சொல்லுங்கள் என்றார். எங்கள் ஒழுங்கைச் சுரேஸ் வான் தருகிறான். இப்போது அது திருத்தக் கிடக்கிறது. பதினைந்தாம் திகதி சனிக்கிழமை வெளிக்கிடுகிறோம், இவருக்கு நாளை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு காலையும் இவருக்குப் பக்கத்தில் இருந்து அந்தப் பிள்ளை ஜெயனியைப் பார்க்கிறேன். உங்களைத் தூக்கி இருத்திவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமைவரை பொறுத்திருங்கள் மச்சாள். தவக்காலத்தில் இது உங்கள் கைக்கு வருமோ தெரியாது, மதராவது வாசித்துச் சொல்லட்டும்.

அருமைநாயகி


குருநகர்
12.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

தவக்காலத்தில் உனக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்பது தெரிந்தும் எழுதுகிறேன். சுகமா என்று இன்று உண்மையாகவே கேட்கிறேன், ஏனென்றால் காலையில் நான் கண்டது உன்னை உலுப்பியிருக்கும்.

பெட்டியைப் போட்டேன். பீடத்துக்கு முன்னால் ஒரு சவப்பெட்டி. உங்களில் யாரோ ஒரு சகோதரி. நீ கிராதிக்கு வெளியே வந்து, தலைமாட்டில் மெழுகுதிரியோடு நின்றாய். உன் தோள் குலுங்கியது. எவ்வளவு நேரமும் அந்தப் பெட்டியை விட்டு நீ அசையவில்லை. உனக்கு நெருக்கமான ஆள் என்பது விளங்கியது. சிலுவை போட்டு விரலை முத்தி செய்து, பிறகு குனிந்து அந்தப் பெட்டியையும் முத்தி செய்தாய். எனக்குத் தாங்க முடியாமல் போய்விட்டது.

இன்னொன்றையும் பார்த்தேன். சொந்தக்காரர் இருக்கும் முன்வரிசை வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். "அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தனும் இல்லையே? இருந்தால் எங்கை கிடந்து நித்திரை கொள்ளுறான்? வருத்தமாய்க் கிடக்கேக்கைதான் வரேல்லை, சாவுக்கும் வராதவன் ஒரு மனிசனே?" என்று எல்லோருக்கும் கேட்கத்தான் கத்தினேன். அருமை, "பேசாமல் இருங்கோப்பா, பேசாமல் இருங்கோ" என்று என் வாயைப் பொத்தினா. 

யாருமில்லாதவளுக்கு நாங்களாவது இருப்போம் என்று விறாந்தையில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். பெண்கள் ஒப்பாரி தொடங்கினார்கள். ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காகக் குருநகரில் ஒரு ஒழுங்கையே அழுதது. நீ அதைக் கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அருமை அழுத அழுகையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சொந்தச் சகோதரம் செத்தாலும் அப்படி அழமாட்டா.

அவ விடியற்காலையிலிருந்தே சரியில்லை. போன் வந்தது, முற்றத்தில் நின்று கதைத்தா. யாரென்றால் பிழையான நம்பராம். இப்போது படலையில் சுரேஸின் வான் வந்து நிற்கிறது. லவீனா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தியையும் கூட்டி வந்திருக்கிறாள். அருமை என் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் கட்டிலில் எடுத்து வைத்திருக்கிறா.

"எங்கையப்பா போறம்?" என்று கேட்டேன்.

"றெஜினாவிட்டை."

"சனிக்கிழமையெண்டுதானே சொன்னனி? அதோடை தவக்காலம், கதவு திறக்காயினம்."

"இந்த முறை திறப்பினம். வெளிக்கிடுங்கோ" என்றா.

பரவாயில்லை, நானும் வரத்தான் வேண்டும். நீ இப்படி அழுவதைப் பார்த்தபின் இந்தப் பெட்டிக்கு முன்னால் சும்மா இருக்க என்னால் முடியாது. நாளைக்கு விடிய உன் முன்னால் நிற்பேன். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, வந்து உன் கையிலேயே தருகிறேன்.

அன்பு அண்ணன்
சிமியோன்